சுவிஸ் மலையில் பனி பார்க்கப் போகிறவர்களுக்கு: வானிலையை வாசிக்கும் முறை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி, தை மாதங்களில் சுவிசில் உள்ள பிள்ளைகளிடமும் சகோதரங்களிடமும் போக ரிக்கெட் எடுப்பவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்பது, "நாங்கள் போற நேரம் ஸ்னோ இருக்குமோ?" என்பதுதான். இரண்டு மாதம் முன்கூட்டி இதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு எந்த நாளில் எந்த மலைக்கு ஏறலாம் என்பதை நீங்களே பார்த்து முடிவெடுக்கலாம். பலர் போகும் தித்லிஸ் மலையை உதாரணமாக வைத்து எழுதுகிறோம்.

முதலில் உயரத்தைக் கவனியுங்கள். எங்கள் குடாநாடு தட்டை நிலம். சாவகச்சேரியில் அடிக்கும் வெயில்தான் ஏறத்தாழ காங்கேசன்துறையிலும். மலையில் 100 மீற்றர் ஏற, சராசரியாக 0.65 பாகை வெப்பம் குறையும். அடிவாரத்து எங்கெல்பேர்க் கிராமம் ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, மேலே கேபிள் கார் நிலையம் 3020 மீற்றரில். கீழே 4 பாகை என்றால் மேலே -9 அளவில் இருக்கும். கீழே மழை கொட்டும் அதே நேரம் மேலே பனி விழும். கைபேசியில் ஊரின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் கிராமத்து வானிலைதான் வரும். அதில் மழைப் படத்தைக் கண்டு பயணத்தைக் கைவிட வேண்டாம். சுவிஸ் அரச வானிலை நிலையமான மெற்றியோசுவிஸின் செயலியில் மலையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

அங்கே இரண்டு உயர அளவுகள் முக்கியம். ஒன்று, காற்று 0 பாகையாகும் மட்டம். மற்றது, எந்த உயரம் வரை பனியாகவே வந்து விழும் என்ற பனிப்பொழிவு எல்லை. விழும் பனி உடனே உருகிவிடாது என்பதால், இரண்டாவது வழக்கமாக முதலாவதைவிட 200 முதல் 400 மீற்றர் கீழே இருக்கும். பலமாகப் பொழியும்போது உருகும் பனியே காற்றின் வெப்பத்தை எடுத்துவிடும்; காற்றோட்டம் இல்லாத ஒடுங்கிய பள்ளத்தாக்கில் எல்லை இன்னும் கீழே இறங்கும். ஆகவே எல்லை 1300 மீற்றர் என்று போட்டிருக்கும் நாளில் எங்கெல்பேர்க்கிலேயே பனி விழுந்தாலும் அதிசயமில்லை.

பொழியும் அளவைச் சில இடங்களில் மழையைப் போல மில்லிமீற்றரில் தருவார்கள். 1 மி.மீ. நீர் ஏறத்தாழ 1 செ.மீ. பனியாகும். கடுங்குளிரில் விழும் தூள் பனி ஒன்றரை, இரண்டு மடங்கு உயரத்துக்குக் குவியும். 0 பாகைக்குக் கிட்ட விழும் ஈரப்பனி அரைவாசியோடு நின்றுவிடும், உடுப்பையும் நனைத்துவிடும்.

மலை நிறுவனங்கள் காலையில் வெளியிடும் பனி அறிக்கையில், கடந்த 24 மணி நேரத்தில் விழுந்த புதுப்பனியும் நிலத்தில் கிடக்கும் மொத்தப் பனியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் குழப்ப வேண்டாம். மொத்தப் பனியிலும் மேல், கீழ் என்று இரு அளவுகள் உண்டு. மேலே 2 மீற்றர் கிடந்தாலும், பிள்ளைகள் சறுக்குவண்டி ஓட்டும் கெர்ஷ்னியால்ப் பாதை 1260 மீற்றர் அளவில் இருந்து கிராமத்துக்கு இறங்குவது. அந்தப் பாதைக்கு, 'கீழ்' என்று போட்ட அளவுதான் கணக்கு. கீழே பனி போதாவிட்டால் கேபிள் காரின் நடுவழி நிலையமான ட்ருப்சேயில், ஏறத்தாழ 1800 மீற்றரில், இறங்கி விளையாடலாம். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு உச்சியைவிட அதுவே நல்ல இடம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அறிக்கையில் பனி தாராளமாக இருந்தும் நாள் வீணாவது காற்றாலும் புகாராலும் (மூடுபனியாலும்) தான். தெற்கிலிருந்து அல்ப்ஸைக் கடந்து இறங்கும் ஃபென் காற்று, 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் சூடேறி, உலர்ந்து வரும். பள்ளத்தாக்கில் வானம் வெளித்து வெயில் எறிக்கும். உச்சியிலோ காற்று வீச்சினால் கேபிள் கார் நிற்கும். எனவே வெயில் படத்தோடு நின்றுவிடாமல் உச்சியின் காற்று வேகத்தையும் பாருங்கள். ரயில் ஏறுமுன், கேபிள் காரின் எந்தப் பகுதி ஓடுகிறது என்ற நிலவரத்தையும் பாருங்கள்.

புகாரின் கதை வேறு. குளிர்காலத்தில் சூரிச், பேர்ண் பக்கம் நாட்கணக்காகச் சூரியனைக் காணக் கிடைக்காது. குளிர்ந்த காற்று கீழே தேங்கி, அதன்மேல் சூடான காற்று மூடிக்கொள்வதே காரணம். இந்த மூட்டத்தின் மேற்பரப்பு பெரும்பாலும் 800 முதல் 1200 மீற்றரில் முடிந்துவிடும். அதற்கு மேலே நீல வானம். வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்து நாளைத் தள்ளிப்போடாமல் மலையின் நேரலைக் கமராவைப் பாருங்கள். கமராவில் எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் போக வேண்டாம். பள்ளம் மேடு தெரியாது, காட்சியும் இல்லை, ரிக்கெட் காசுதான் வீண்.

பங்குனி, சித்திரையில் போகிறவர்களுக்கு நேரம் முக்கியம். தெளிந்த இரவில் பனி இறுகி, காலையில் கல்லுப்போல் வழுக்கும்; 10, 11 மணியளவில் பதமாக இளகும்; பின்னேரம் கூழாகிவிடும். முகில் மூடிய இரவென்றால் சரியாக இறுகவே மாட்டாது.

பனிச்சரிவு அபாயத்தைத் தாவோஸில் உள்ள ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு 5 படிகளில் அறிவிக்கிறது. 3ஆம் படியை "நடுத்தரம்தானே" என்று எடுக்கக்கூடாது, அது கணிசமான ஆபத்து. கம்பம் நட்டுக் குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். முன்னால் போனவரின் கால்தடம் இருப்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல.

-9 பாகையில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் உடம்புக்கு -18 போல இருக்கும். வெயிலும் சுடும்: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி, வெயில் கிறீம், நீர் புகாத சப்பாத்து மூன்றும் வேண்டும். 3000 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. இருதய, சுவாச நோயுள்ள அப்பா அம்மாவை வைத்தியரிடம் கேட்காமல் உச்சிக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

கடைசியாக, நாள் குறிப்பது. ஐந்து நாளுக்கு அப்பால் சொல்லப்படும் பனி அளவை நம்பி எதையும் பதியாதீர்கள். இரண்டு நாளுக்கு முன் வரும் கணிப்பே முடிவெடுக்கப் போதுமான தரம். இங்கிருந்தே "இன்ன சனிக்கிழமை மலைக்கு" என்று பேசி முடிக்காமல், அங்குள்ள உறவினரை இரண்டு நாட்களை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். மலை ரிக்கெட்டை முன்கூட்டி வாங்குவதானால் காலநிலை காரணமாகத் திகதி மாற்றலாமா என்ற நிபந்தனையை வாசித்துவிட்டு வாங்குங்கள். பயணக் காப்புறுதிகள் பலவற்றில் பனிச்சறுக்கு அடங்காது. சறுக்கும் எண்ணமிருந்தால், விசாவுக்கு நாங்கள் காப்புறுதி எடுக்கும்போதே சொல்லுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

இப்படிக்கு,
உங்கள் பயண முகவர் நிலையத்தார்,
யாழ்ப்பாணம்