டாக்டரம்மாவுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் நன்றி

அப்பா முந்தாநாள் இரவு வீடு வந்து சேர்ந்துவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவரைக் காணாமல் எல்லோரும் தேடி அலைந்த அந்த வாரம் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை.

முதல் நன்றி, பெங்களூரு மருத்துவமனையில் மேற்படிப்பில் இருக்கும் அந்த இளம் டாக்டருக்கு. பெரிய டாக்டர் ஸ்கேனைப் பார்த்து, ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா, அதாவது மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் தேய்ந்து குணத்தையே மாற்றிவிடும் நோய் என்று சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியே கூட்டம் கதவை முட்டிக்கொண்டு நின்றது, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பெண் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். என்னிடம் பேசவில்லை. நாற்காலியை அம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டு, கன்னடம் கலந்த தமிழில், "அம்மா, உங்க வீட்டு சார் எதையும் வேணும்னு செய்யலை" என்றார்.

அம்மா அப்படியே உடைந்துவிட்டார். மாமா இறந்த வீட்டில், அம்மா அழுதுகொண்டிருக்கும்போதே, "சாப்பாட்டுக்கு வடை உண்டா?" என்று சத்தமாகக் கேட்டவர் அப்பா. ஞாபகசக்திக்கு அவரிடம் பஞ்சமில்லை. பேரன் பிறந்த நாள், பழைய ஃபேக்டரி டோக்கன் நம்பர், எல்லாம் சொல்வார். அதனாலேயே நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. வயசான காலத்தில் குணம் கெட்டுப்போச்சு என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் மூளையை வரைந்தார். பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் முன் இன்சுலா என்ற பகுதிக்கு ஒரு புள்ளி, நடுக்கோட்டை ஒட்டிய முன் சிங்குலேட் என்ற பகுதிக்கு ஒரு புள்ளி, இடையில் ஒரு கோடு. எதிரில் இருப்பவர் அழுதால் நமக்குச் சுருக்கென்று படுகிறதே, அதில் இவற்றுக்குப் பெரிய பங்காம். சரியாக மடியாத புரதம் ஓரிடத்தில் சேர்கிறது, பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே கோணலாக்குகிறது. பிறகு நரம்பிழையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செல்லோடு தொடர்புள்ள அடுத்த செல்லுக்குப் போகிறது. அது தூரத்தில் இருந்தாலும் சரி.

"அப்போ பக்கத்து வீட்டை விட்டுட்டு சம்பந்தி வீட்டுக்குப் போகுது. அப்படித்தானே கண்ணு?" என்றார் அம்மா.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ஜூனியர்களுக்கு இனி இப்படியே சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்தி, பேரனுக்கு ஒட்டிக்குமா என்று கேட்டார். தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது, பரவல் அந்த மூளைக்குள்ளேயேதான் என்று பதில் வந்தது. சில குடும்பங்களில் மரபு வழியாக வருவதுண்டு, அதைத் தனியாகப் பார்க்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். 2009இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் வில்லியம் சீலியும் அவருடைய குழுவினரும் அல்சைமர் உள்பட ஐந்து நோய்களை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அரிக்கும் பகுதிகள், நலமான மூளையில் சேர்ந்து வேலை செய்யும் ஒவ்வொரு வலைப்பின்னலோடு பொருந்தியிருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு வந்த செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. பார்கின்சன் நோயாளிகள் சிலருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மூளையில் பொருத்தியிருந்த இளம் செல்களிலும் அந்த நோயின் புரதக் கட்டிகள் இருந்தனவாம். பழைய செல்களிலிருந்து நோய் அவற்றுக்கும் தாவியிருக்கலாம் என்கிறார்கள்.

பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையில், இறந்தவர்களின் மூளையை ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கும் மூளை வங்கி 1995 முதல் இருக்கிறது. அப்பாவின் காலத்துக்குப் பிறகு அவருடைய மூளையை அங்கே ஒப்படைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் சரி என்றது அம்மாதான். வடைக்காகக் கோபப்பட்ட அதே அம்மா, இப்போது அப்பா தட்டில் தானே இரண்டாவது வடையை வைக்கிறார்.

ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்கள், இரவெல்லாம் போன் செய்துகொண்டே இருந்த அப்பாவின் ஃபேக்டரி நண்பர்கள், கடிந்து பேசாத அந்த ஏட்டய்யா, எதிர்வீட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி. பேக்கரி அண்ணனுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அப்பா கேட்காமல் பன்னை எடுத்துக்கொண்டு நடந்தால் தடுக்க வேண்டாம், சத்தமும் போட வேண்டாம். நோட்டில் எழுதி வையுங்கள், மாதக் கடைசியில் வந்து கொடுத்துவிடுகிறேன்.