ஓடாதவர்களை ஓட வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சினிமாப் பக்கத்தில் நாவல்கள் படமாவதைப் பற்றி வந்த கட்டுரையில், கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ' பற்றி அரைப் பத்தி இருந்தது. அரைப் பத்தியென்றாலும் தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பெயரைக் கண்டது எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த அரைப் பத்திக்குள் ஒரு பிழையும் ஓர் ஆலோசனையும் இருந்தன. பிழையைத் திருத்திவிட்டு ஆலோசனையோடு சண்டை பிடிக்கத்தான் இந்தக் கடிதம். நீளும். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் வெட்டாதீர்கள்.

பிழை இது: "எதிர்கால இங்கிலாந்தில் நடக்கும் கதை." இல்லை. நாவல் வெளிவந்தது 2005இல். கதை நடப்பது 1990களின் பிற்பகுதியில். பறக்கும் கார் இல்லை, ரோபோ இல்லை. கசெட் பிளேயர் இருக்கிறது, நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடை இருக்கிறது, மழை இருக்கிறது. நாம் எல்லோரும் உயிரோடு இருந்த ஒரு காலத்தில், பக்கத்து ஊரில் இது நடந்துகொண்டிருந்தது என்கிற மாதிரிச் சொல்லப்படும் கதை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஹெய்ல்ஷம் என்ற விடுதிப் பாடசாலையில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் குளோன்கள். வளர்ந்ததும் அவர்களிடமிருந்து ஒவ்வோர் உறுப்பாக எடுப்பார்கள். மூன்றாவதிலோ நாலாவதிலோ ஆள் முடிந்துவிடும். கேத்தி, டொமி, ரூத் மூவரும் அங்கே வளர்கிறார்கள். கேத்திக்கு டொமி மேல் விருப்பம், டொமியோ ரூத்தோடு. இனி ஆலோசனை: தமிழில் எடுத்தால் கேத்தியும் டொமியும் தப்பி ஓடுவதாகக் கிளைமாக்ஸ் வைக்கலாம், அப்போதுதான் காதலுக்கு வலு வரும் என்கிறார் கட்டுரையாளர்.

இந்த நாவலை வைத்து எடுத்த ஆங்கிலப் படத்தோடு எனக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. போன வருடம் எங்கள் வாசகர் வட்டத்துக்காக இதற்குத் தமிழ் சப்டைட்டில் எழுதினேன். வட்டம் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளம், மாதம் ஒருமுறை வரும் இருபது இருபத்தைந்து பேர், இரவல் வாங்கிய புரொஜெக்டர், ஒரு வெள்ளைப் பெட்ஷீட், இடைவேளையில் கடலை வடை. 103 நிமிடப் படத்துக்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

கேத்தியின் வேலை 'கேரர்'. உறுப்புக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்வது. 'பராமரிப்பாளர்' என்று போட்டுப் பார்த்தேன். திணைக்களத்துச் சுற்றுநிருபம் மாதிரி இருந்தது, பாதி வரியையும் தின்றது. என் அம்மாவுக்கு இரண்டு வருடம் டயலிசிஸ் நடந்தது. வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம். போனதும் வாசலில் கேட்பார்கள்: "துணைக்கு ஆர் நிக்கிறது?" நான்தான் துணை. அந்தச் சொல்லையே போட்டேன். கதையின் கடைசிப் பகுதியில் டொமிக்குக் கேரராகக் கேத்தியே வருகிறாள். டொமிக்கு அவள் துணை என்று எழுதியபோது, ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்று தமிழில் தானாக வந்து உட்கார்ந்தது. மூன்று மாதத்தில் நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அதுதான்.

'டொனேஷ'னுக்குத் தானம் என்று போட முதலில் மனம் வரவில்லை. தானம் கொடுக்கிறவருக்குப் புண்ணியம் உண்டு, மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் இந்த நாட்டுக் கண்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கின்றன, அது தானம். இந்தப் பிள்ளைகளுடையது பறிப்பு. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆங்கிலத்திலும் அதே பித்தலாட்டம்தானே, நல்ல சொல்லைப் போட்டு மூடுவது! ஆகவே தானம் என்றே விட்டுவிட்டேன்.

அப்புறம் சாவு. அந்த உலகத்தில் யாரும் செத்தார் என்று சொல்வதில்லை, 'கம்ப்ளீட்' ஆனார் என்பார்கள். நமக்கு இதற்குச் சொற்பஞ்சமே இல்லை. உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைத் திறந்தால் போதும்: காலமானார், சிவபதமடைந்தார், இறைபதமெய்தினார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அநேகமாக எல்லாவற்றிலும் போய்ச்சேர ஓர் இடம் இருக்கிறது. இவர்களுக்கு அப்படி ஓர் இடத்தைக்கூட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நன்றியுரையோடு கூட்டம் இனிதே நிறைவுற்றது என்று அறிக்கை எழுதுவோமே, அந்தச் சொல்லைப் போட்டேன். ரூத் நிறைவுற்றாள்.

காதல் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகளிடையே ஒரு வதந்தி. உண்மையாகக் காதலிக்கும் இருவர் அதை நிரூபித்தால், தானம் தொடங்குவதை மூன்று நாலு வருடம் தள்ளிப்போடுவார்களாம். அதற்கு நான் வைத்த சொல் 'தவணை'. வழக்குக்கும் தவணை, கடனுக்கும் தவணை, பள்ளிக்கூடத்துக்கும் வருடத்தில் மூன்று தவணை. காதலுக்குச் சாட்சியாக டொமி தான் வரைந்த மிருகப் படங்களைத் தூக்கிக்கொண்டு, ஹெய்ல்ஷமோடு தொடர்புள்ள 'மேடம்' என்ற பெண்ணின் வீட்டுக் கதவைக் கேத்தியோடு தட்டுகிறான். கேட்பது விடுதலை அல்ல, தவணை. கட்டுரையாளர் காதலில் வலு இல்லை என்கிறார். இதைவிட என்ன வலு வேண்டும்? மனுவும் கையுமாகக் கந்தோர் வாசலில் நின்று பழகிய எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் காட்சிக்கு சப்டைட்டில் தேவைப்படாது.

எங்கள் காட்சி முடிந்து விளக்கைப் போட்டதும் முதல் கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் எழும்பி, "ஏன் ஒருத்தரும் ஓடேல்லை? கார் இருக்கு, ரோட்டு இருக்கு, காவலும் இல்லை" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் வழக்கமாக வாய் திறக்காமல் வடை சாப்பிட்டுவிட்டுப் போகிற ஒரு ஐயா கதைக்கத் தொடங்கினார்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த ஐயாவும் அந்த பஸ் ஒன்றில் ஏறியவர். வெளிநாட்டுக் கடுதாசி அலுவலாக வந்து ஒரு விடுதியில் அறை எடுத்திருக்கிறார். அரை மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னதும், கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த சாரத்தை எடுத்து ஷொப்பிங் பையில் சுற்றினாராம். "ஓடுறதோ தம்பி? அறைத் திறப்பை ஆரிட்டைக் குடுக்கிறது எண்டுதான் எனக்கு அப்ப யோசனை" என்றார். மனேஜர் ஆளைக் காணவில்லையாம். திறப்பு வவுனியா வரைக்கும் அவருடைய சட்டைப்பையிலேயே போயிருக்கிறது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியும் உட்கார்ந்துவிட்டார். அந்த பஸ்ஸும் ஹெய்ல்ஷமும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை; நீதிமன்றம் தலையிட்டது, போனவர்கள் பலர் திரும்பியும் வந்தார்கள். ஆனால் இஷிகுரோ 23 அத்தியாயங்களில் எழுதியதை அந்தத் திறப்பு ஒரு நிமிடத்தில் எங்களுக்கு விளக்கியது. துணிந்து எழும்பித் தப்பி ஓடுகிற அடிமைகளின் கதையை எழுதும் எண்ணமே தனக்கு இருக்கவில்லை என்று அவரும் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

சரி, படம் நாவலுக்கு நியாயம் செய்ததா? பாதி செய்தது. மார்க் ரொமனெக் இயக்கம், அலெக்ஸ் கார்லண்ட் திரைக்கதை, 2010. கேத்தியாக வரும் கேரி மலிகனின் முகம் ஒன்றுக்காகவே இரண்டாம் தரம் பார்க்கலாம். அழுகையை விழுங்கி விழுங்கியே கண் பெரிதான முகம். என் முறைப்பாடு வேறு. படம் தொடங்கும்போதே எழுத்தில் விளக்கம் போட்டுவிடுகிறார்கள்: 1952இல் மருத்துவத்தில் பெரிய கண்டுபிடிப்பு, 1967க்குள் சராசரி ஆயுள் 100ஐத் தாண்டியது என்று. நான் மொழிபெயர்த்த முதல் வரிகளே அவைதான், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். நாவலில் அந்த உண்மை அப்படி வருவதில்லை. சொல்லியும் சொல்லாமலும்தான் அந்தப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். வாசகரையும் இஷிகுரோ அப்படியே வளர்க்கிறார். எப்போது தெரிந்துகொண்டோம் என்று நமக்கே தெரியாமல் ஒரு பக்கத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். வீட்டில் பெரியவர்களின் வருத்தம் சின்னப்பிள்ளைகளுக்குத் தெரியவருவது மாதிரி.

அதைவிட மோசம் கைப்பட்டி. வாசலில் உள்ளே வரும்போது பிள்ளைகள் கையை ஒரு கருவியில் காட்டிவிட்டு வருவதாகப் படத்தில் வைத்திருக்கிறார்கள். நாவலில் இது இல்லை. "ஏன் ஓடவில்லை" என்று கேட்பவர்களுக்குப் பயந்து போட்டது என்றுதான் நினைக்கிறேன். போட்டும் கேள்வி நிற்கவில்லை என்பதற்கு எங்கள் தம்பியே சாட்சி. கைப்பட்டி இருந்தால் கழற்றலாம் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடும். கழற்ற ஒன்றுமே இல்லாதபோதுதான் நெஞ்சு அடைக்கும்.

படத்தால் தொடவே முடியாத ஒன்றும் உண்டு. நாவலில் கேத்தி நம்மைப் பார்த்துக் கதைக்கிறாள்: நீங்கள் இருந்த இடத்தில் எப்படியோ தெரியாது, ஹெய்ல்ஷமில் இப்படித்தான் என்று. அதாவது வாசிக்கிற நாமும் தன்னைப் போல உறுப்புக்காக வளர்க்கப்பட்டவர்கள்தான் என்பது அவளுடைய எண்ணம். முதல் வாசிப்பில் நான் இதைக் கவனிக்கவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து இரண்டாம் தரம் வாசித்தபோது சட்டென்று பிடிபட்டது, புத்தகத்தை மூடிவிட்டேன். காமராவுக்கு இந்த 'நீங்கள்' வராது. வானொலி நாடகத்துக்கு வரும். காதோடு காதாகக் கதை சொல்வதில் இந்த ஊர் தமிழ் வானொலிக்காரர்களுக்கு நிகர் இல்லாத ஒரு காலம் இருந்தது. தமிழில் இந்தக் கதையை யாராவது தொடுவதானால் அந்தப் பக்கமாகவும் யோசிக்கலாம்.

ஜப்பானில் 2016இல் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். கதையை ஜப்பானுக்கே கொண்டுபோய்ப் பெயர்களையும் மாற்றினார்கள். தங்களுக்கும் உரிமை உண்டு என்று போராடுகிற ஒரு பெண்ணையும் சேர்த்தார்கள். அதிலும்கூடக் கதாநாயகி ஓடவில்லை. இடத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. கடைசிக் காட்சியில் கேத்தி நிற்கும், குப்பை மாட்டிக் கிடக்கும் முள்வேலிக்கு செட் போடத் தேவையில்லை. வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைப் பக்கம் ரயில் பாதையோரம் நடந்தால், கடல் துப்பிய பிளாஸ்டிக் பைகள் கல்லுக்குக் கல் மாட்டிப் படபடப்பதைப் பார்க்கலாம். இழந்ததெல்லாம் அங்கே வந்து ஒதுங்கும் என்று அவள் நினைப்பதற்கு அது போதும்.

சொல்லாத காதலைத் திரையில் வைப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1963இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், மார்ட்டின் விக்ரமசிங்கவின் 'கம்பெரலிய'வைப் படமாக்கினார். நந்தாவும் பியலும் அங்கே எவ்வளவு நேரம் பேசாமலே இருக்கிறார்கள்! இருவரையும் ரயிலேற்றி அனுப்பியிருக்கலாமே என்று அதைப் பார்த்த ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முடிக்குமுன் இன்னொன்று. தவணை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று தெரிந்துகொண்டு இருவரும் இரவில் காரில் திரும்புகிறார்கள். டொமி காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய், வீதியில் நின்று கத்துகிறான். சின்ன வயதில் விளையாட்டு மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் சீண்டும்போது கத்துவானே, அதே கத்தல். சப்டைட்டில் எழுதும் நிரலில் அதற்கும் ஒரு கட்டம் திறந்தது. 'அலறல்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். அழித்தேன். 'ஐயோ' என்று போட்டேன். அதையும் அழித்தேன். கடைசியில் கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். காட்சி முடிந்து படியிறங்கும்போது அந்த ஐயா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, அவன் கத்தேக்கை எழுத்து வரேல்லை, மெஷின் பழுதோ?" பழுதில்லை ஐயா, அதிலே எழுத ஒன்றும் இருக்கவில்லை என்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.