கத்திக்கைக்காரன் எப்படிச் செத்தான்

அன்புள்ள அண்ணே,

நலமா? கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்து இன்னும் பிடிபடவில்லை என்று போனில் சொன்னீர்கள். அதனால் இதைப் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது.

மழைக்கு முன்னால் பரணை ஒழித்தபோது பெரியம்மாவின் தகரப் பெட்டியில், பழைய லுங்கிகளுக்கு அடியில், உங்கள் காமிக்ஸ் கிடைத்தது. 1976-ல் கப்பலில் இருந்து இறங்கும்போது சிங்கப்பூரில் வாங்கி வந்தீர்களே, அதேதான். 'மாஸ்டர் ஆஃப் குங்ஃபூ', 29-ஆம் இதழ், ஜூன் 1975, விலை 25 சென்ட். அட்டை பாதி கழன்றிருக்கிறது. நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாளில் வெற்றிலைக் காவி மாதிரி கறை. ஆனால் பூச்சி தொடவில்லை. யாங்கோன் ஈரத்தில் ஒரு செய்தித்தாள் காகிதம் இத்தனை வருடம் தாங்கியதே பெரிய சங்கதி. பெரியம்மா அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்கள்.

உங்களுக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் இருக்கும். கரண்ட் போனால் நாங்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருவோம். நீங்கள் ஒரு படி மேலே, கையில் மெழுகுவர்த்தி. நான், கீழ்வீட்டுச் சீன மாமாவின் மகன், இன்னும் இரண்டு மூன்று பேர். எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. நீங்கள் கட்டம் கட்டமாக விரலை வைத்து, பாதி தமிழிலும் பாதி பர்மியிலும் கதை சொல்வீர்கள். பக்கத்தைத் திருப்பும்போது மெழுகு சொட்டிவிடும். பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த மெழுகு வட்டம் இன்னும் இருக்கிறது. தடவிப் பார்த்தேன்.

ஹெராயின் விற்கிற கார்ல்டன் வெல்க்ரோ, பிரான்சில் கோட்டை மாதிரி ஒரு மாளிகையில் இருப்பான். அவனுடைய அடியாள் ரேசர் ஃபிஸ்ட்டுக்கு இரண்டு கையும் கிடையாது, கைக்குப் பதிலாக நீளக் கத்தி. நீங்கள் அவனைக் கத்திக்கைக்காரன் என்று சொன்னீர்கள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. சாப்பிடுவது எப்படி, சட்டை போடுவது எப்படி என்று உங்களை நச்சரித்தேன். சம்சாரம் ஊட்டிவிடுவாள் என்றீர்கள். அதைக் கேட்டதும் அவன் மேல் பாவமாகவே போய்விட்டது.

இந்தக் கதை 31-ஆம் இதழ் வரைக்கும் ஓடுகிறது. நம்மிடம் இருந்தது முதல் பாகம் மட்டும். பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் மிச்சத்தைத் தேடினோம், வாடகைப் புத்தகக் கடைகளில் கேட்டோம், கிடைக்கவில்லை. அப்புறம் ஒருநாள் முடிவு தெரிந்துவிட்டது என்று நீங்களே வந்து சொன்னீர்கள். கதாநாயகன் சாங்-சி இரண்டு கத்திக்கும் நடுவில் புகுந்து, கத்திக்கைக்காரன் நெற்றியில் தன் தலையால் ஒரே முட்டு முட்ட, அவன் மலையிலிருந்து கடலில் விழுந்தான். நாங்கள் கைதட்டினோம். இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அது குங்ஃபூ இல்லை அண்ணே, நம் பர்மாக் குத்துச்சண்டை லெத்வே! தலையால் முட்டுவது நம் ஊர் மேடையில்தான் செல்லும்.

போன வருடம் மகள் சிங்கப்பூரிலிருந்து மொத்தத் தொகுப்பை அனுப்பினாள். மார்வெல் கம்பெனி அதைப் போட ஆரம்பித்தது 2016-ல்தான். அவ்வளவு காலம் அது வராததற்குக் காரணம் சாங்-சியின் அப்பா. முதலில் 'குங்ஃபூ' டிவி தொடரைக் காமிக்ஸாகப் போடத்தான் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டும் ஓவியர் ஜிம் ஸ்டார்லினும் ஆசைப்பட்டார்கள். அது போட்டிக் கம்பெனி பக்கத்துச் சொத்து. அதனால் இவர்களே ஒரு வீரனை உண்டாக்கி, சாக்ஸ் ரோமர் நாவல்களில் வரும் வில்லன் ஃபூ மாஞ்சுவை உரிமம் வாங்கி அவனுக்கு அப்பாவாக வைத்தார்கள். 1973 டிசம்பர் இதழில் சாங்-சி வந்தான். புரூஸ் லீ இறந்தது அதே வருடம் ஜூலை 20. பின்னால் ஓவியர் பால் குலேசி சாங்-சிக்கு அந்த முகத்தையே கொடுத்தார். உரிமம் போனதும் பழைய இதழ்களை மறுபடி அச்சடிக்க முடியாமல் போயிற்று. 2021-ல் சினிமா எடுத்தபோது அப்பாவின் பெயரையே மாற்றிவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்கள். சீனர் என்றாலே சதிகாரன் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பெயர் அது.

கீழ்வீட்டுப் பையன் ஒருநாள் படிக்கட்டில் கேட்டானே, சாங்-சி ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறான் என்று? நீங்கள் மை சரியில்லை என்று சொல்லிவிட்டீர்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மஞ்சள் மேல் சிவப்புப் புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நிற்கிற வெள்ளைக்காரருக்கு இளஞ்சிவப்பு. மை சரியாகத்தான் இருந்திருக்கிறது அண்ணே. அந்தக் காலத்திலேயே வாசகர் கடிதங்களில் இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார்கள். 1967-ல் இங்கே சீனர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டுப் பிள்ளை அவன். அவன் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. சாங்-சியை உளவு வேலைக்கு இழுக்கிற பெரியவர் நேலண்ட் ஸ்மித் நமக்கு நல்லவர். நான் அவரை ஸ்மித் தாத்தா என்பேன். ரோமரின் முதல் நாவலைத் தேடி எடுத்துப் படித்தேன், 1913-ல் வந்தது. அதில் ஸ்மித் லண்டனில் வந்து இறங்குவதே பர்மாவிலிருந்துதான்! இங்கே கமிஷனராக இருந்தவர். வில்லன் ஏவிவிடுகிற கொலைகாரர்களும் பர்மாக் கொள்ளைக்காரர்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நம் தாத்தா ஆற்றங்கரை மில்லில் நெல் மூட்டை தூக்கிய நாட்டை ஆண்ட வெள்ளைக்கார அதிகாரி அவர். அவருக்காகத்தானே நாம் படிக்கட்டில் கைதட்டினோம்.

ஆனால் காமிக்ஸ் அந்த நாவல் மாதிரி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. கட்டங்களின் மேல் பெட்டி பெட்டியாக எழுத்து இருக்குமே, அதை நீங்கள் ஒருநாளும் படித்துச் சொன்னதில்லை. சண்டையை மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப் போவீர்கள். கதை எழுதிய டக் மோயன்ச் அந்தப் பெட்டிகளில்தான் சாங்-சியைப் பேசவிட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கொலைக் கருவியாக வளர்ந்தவன் அவன். அந்த அப்பாவை உதறிவிட்டு வந்தால், இந்தப் பக்கம் ஸ்மித்துக்கும் அவன் கையும் காலும்தான் வேண்டியிருக்கிறது. அவனுக்கு அது தெரியும். வஞ்சகமும் சாவும் கலந்த விளையாட்டு என்று உளவு வேலையை அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், தொடர் முழுக்க. விருப்பமில்லாமல்தான் போகிறான். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கணக்குப் பார்க்கிறான். குலேசியின் படங்களில் ஒரே உருவம் நாலைந்து நிலையில் பறந்து பறந்து உதைக்கும். அதற்கு மேலேயே அந்த அமைதியான வரிகள் ஓடும். படம் ஒரு பக்கம் இழுக்கிறது, எழுத்து இன்னொரு பக்கம் இழுக்கிறது. இந்த இதழின் உயிரே அதுதான் என்று நினைக்கிறேன். நாம் பார்த்தது பாதி காமிக்ஸ், அண்ணே.

ஏன் விட்டீர்கள் என்று கேட்க வேண்டும். இங்கிலீஷ் கடினமாக இருந்ததாலா, எனக்கு ஒன்பது வயது என்பதாலா? கோபம் இல்லை. நீங்கள் விட்டதால்தானே எனக்கு இந்த வயதில் புதிதாகப் படிக்க ஒன்று கிடைத்தது.

அப்புறம், கத்திக்கைக்காரன் கடலில் விழவில்லை. சாங்-சி அவனைக் கொல்லவும் இல்லை. தன் பக்கத்து ஆட்களின் துப்பாக்கிக் குண்டே தவறிப் பட்டுச் செத்துப்போகிறான். தொகுப்பில் அதைப் பார்த்த இரவு, சம்சாரம் ஊட்டிவிடுவாள் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம் தெருப் பிள்ளை ஒருவன் அடுத்த மாதம் சென்னைக்கு வருகிறான். காமிக்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். வியாசர்பாடி வீட்டுக்கே வந்து தருவான். பெட்டி எழுத்துகளைப் பேத்தி மெதுவாகப் படிக்கட்டும், ஒன்றையும் விடவேண்டாம். கழன்ற அட்டையை மட்டும் டேப் போட்டு ஒட்டிவிடாதீர்கள், தாள் மஞ்சளாகிக் கிழியும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி
யாங்கோன்