பெட்டி ரெகுலேட்டரைக் கழற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசுப் பள்ளி, தாலுகா அலுவலகம், நூலகம் என்று பழைய கட்டடங்கள் பலவற்றில் அந்தக் கனமான பெட்டி ரெகுலேட்டர் இன்னும் சுவரில் இருக்கிறது, ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். அந்தச் சூடு முழுக்க நாம் காசு கொடுக்கும் மின்சாரம்தான். உள்ளே இருக்கும் மின்தடைக் கம்பி ஃபேனுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது, ஆனால் அந்த வேலையில் மின்சாரத்தின் ஒரு பகுதியை வெறும் வெப்பமாக்கி வீணடிக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் மீட்டர் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சில நூறு ரூபாய்தான், சுவிட்ச் போர்டிலேயே அடங்கிவிடும். கெபாசிட்டர் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்; டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச் வைத்த வகையும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் குறைந்த வேகத்தில் ஃபேன் உர்ரென்று இரையும், வகுப்பறையில் அது பெரிய தொல்லை. அப்புறம், எப்போதும் முழு வேகத்தில் ஓடும் ஃபேனுக்கு இதனால் லாபமில்லை, அங்கே 75 வாட் ஃபேனையே எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் போடுவதுதான் சரி. மற்ற இடங்களில் அடுத்த பராமரிப்புப் பணியின்போதே இந்தப் பெட்டிகளை மாற்றப் பொதுப்பணித்துறை உத்தரவிட வேண்டும்.