நனைந்த புத்தகங்களுக்குக் கை கொடுத்த உங்களுக்கு

தாமிரபரணிக் கரை ஏரலில் எங்கள் தெருக்காரர்களுக்கும், சபைச் சேகரத்து வாலிபர்களுக்கும், மாடி வீட்டு ராத்தாவுக்கும், பாளையங்கோட்டை பைண்டிங் அண்ணாச்சிக்கும், ஓய்வுபெற்ற எங்கள் தமிழ் ஐயாவுக்கும் எழுதுகிறேன். எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ராத்தா, உங்களுக்கு சலாம்.

ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை, எழுதியும் வைக்க வேண்டும்போல் இருக்கிறது. வெள்ளத்தில் வீட்டையே இழந்தவர்கள், ஆடு மாடு பறிகொடுத்தவர்கள், வாழைத்தோட்டத்தை மண் மூடக் கண்டவர்கள் எல்லாம் இருக்கிற ஊரில், புத்தகங்களைக் காப்பாற்றித் தந்ததற்காக ஒரு நன்றி மடலா என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தப் புத்தகங்கள் எனக்கு யார் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள். காலை ஆராதனைக்குப் போகும்போதே மழை விடாமல் கொட்டியது. காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்பதெல்லாம் கரண்டும் போனும் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். விடிவதற்குள் தாமிரபரணி வீட்டுக்குள் வந்துவிட்டது. மாமியாரைக் கைத்தாங்கலாக மாடிப்படியில் ஏற்றினேன். அவர்கள் வேதப்புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். ராத்தா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு இரவு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். என் அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டு நாளும் தண்ணீருக்குள் கிடந்தது.

அந்தக் கீழ்த்தட்டில்தான் அப்பாவின் புத்தகங்கள் இருந்தன. அப்பா உபதேசியார், சபை ஊழியர். சம்பளம் குறைவு, பிள்ளைகள் நாலு பேர். ஆனாலும் ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பாளையங்கோட்டை போனால் ஒரு புத்தகமாவது வாங்காமல் பஸ் ஏறமாட்டார்கள். ராத்திரி ஜெபம் முடிந்ததும் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். முதலில் வாசித்தது மோட்சப் பிரயாணம். 1678-இல் இங்கிலீஷில் அச்சான அந்தப் புத்தகத்தை எழுதிய ஜான் பனியன், அனுமதி இல்லாமல் பிரசங்கித்ததற்காக பெட்போர்டு சிறையில் சுமார் 12 வருஷம் கிடந்தவர். பார்வையில்லாத ஒரு மகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே இருந்தவர். அப்பா இதைச் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார்கள். முதுகில் பாவமூட்டையோடு நடக்கிற கிறிஸ்தியான் சிலுவையடிக்கு வந்ததும் மூட்டை தானாக அவிழ்ந்து உருண்டு போகிற இடத்தில், என் தம்பி ஒவ்வொரு தடவையும் கை தட்டுவான். எனக்கு மனசில் நின்றது அந்த இடம் இல்லை, கடைசியில் வருகிற ஆறு. பாலம் இல்லாத ஆறு. மோட்சப் பட்டணத்து வாசல் கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் ஆறு ஓடுகிறது. கிறிஸ்தியான் முங்கிப் போகிறான், திகில் பிடித்துக் கதறுகிறான். நம்பிக்கை என்று பெயர் கொண்ட தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, பயப்படாதே, எனக்குக் கால் நிலைக்கிறது என்று சொல்கிறான்.

நாம் ஆற்றங்கரைப் பிள்ளைகள். நிலைக்குதா, நிலைக்கலியா என்று கேட்டுக் கேட்டுத்தான் தண்ணீரில் இறங்கப் பழகினோம். அதனாலேயே அந்த ஒரு வார்த்தையில் விசுவாசம் என்றால் என்னவென்று சின்ன வயசிலேயே எனக்குப் பிடிபட்டது. எனக்கு நிலைக்காத இடத்தில் என் பக்கத்தில் நிற்கிற ஒருவருக்கு நிலைக்கும். அன்று ராத்திரி படிக்கட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் மாமியாரைப் பிடித்தபடி நின்றபோது, மேலே இருந்து ராத்தா, "இந்தப் படி நிலைக்குது அம்மா, காலை வை" என்று கை நீட்டினார்களே, அந்த நிமிஷத்தில் எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு நான் அலமாரியைத் திறக்கவே பயந்தேன். திறந்தது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள். அறுபத்துமூன்று புத்தகம், செங்கல் செங்கலாக ஊறிப்போய், ஓரமெல்லாம் வண்டல் அப்பிக்கொண்டு இருந்தன. குப்பையோடு அள்ளிப் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை, தம்பிகளே. புத்தகத்தை விரிக்காமல், மூடியபடியே நல்ல தண்ணீரில் சேற்றை அலசினீர்கள். வெயிலில் போட்டால் தாள் முறுகிவிடும் என்று ராத்தா வீட்டுக் கூடத்தில் நிழலில் நிறுத்தி வைத்தீர்கள். பத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் பழைய பேப்பரைச் செருகி, ஈரம் ஏறினதும் உருவி வேறு பேப்பர் வைத்தீர்கள். கரண்ட் வந்ததும் ஃபேனைப் போட்டு நாலு நாள் காவல் இருந்தீர்கள். உங்கள் வீடுகளிலும் சேறு கிடந்தது என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உங்களில் ரெண்டு பேர் விரலிடுக்கில் சேற்றுக் கறையோடு வந்ததையும் பார்த்தேன்.

நாற்பத்தொரு புத்தகம் பிழைத்தது. வழவழத் தாளில் அச்சடித்தவை பக்கத்தோடு பக்கம் ஒட்டிக் கட்டையாகிவிட்டன. நம்பினால் பணம் வரும், வீடு வரும் என்று வாக்குக் கொடுக்கிற சில புத்தகங்களும் அதில் போயின. ஒரு காலத்தில் அவற்றை நானும் வாங்கினேன்தான். ஆனால் என் வீட்டுக்காரர் நோயில் கிடந்த எட்டு மாசமும் அவற்றில் ஒன்றைக்கூட எடுத்து வாசிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த எட்டு மாசமும் எனக்குத் துணை இருந்தது டோனாவூர் மிஷனெரி அம்மையார் ஏமி கார்மைக்கேல் எழுதியவை. நம் பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே, களக்காட்டு மலையடிவாரத்தில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். 1931-இல் குழியில் விழுந்து அடிபட்டு, 1951-இல் கண் மூடும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர்கள். அந்தப் படுக்கையிலிருந்துதான் நோயாளிகளுக்காக எழுதினார்கள். சுகமாக இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் நோயாளியின் காதில் எப்படி விழும் என்று தெரிந்து எழுதிய எழுத்து அது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி கல்லறையில் கல் வைக்கவில்லை, பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். அவர்கள் புத்தகம் ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போன பெரியம்மா இன்று இல்லை. அவர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

இரட்சணிய யாத்திரிகம் பிழைக்கவில்லை. அதற்குத்தான் அழுதேன். கரையிருப்பில் 1827-இல் பிறந்து, நம் சாயர்புரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் அந்தக் கதையைத் தமிழ்க் காப்பியமாகவே ஆக்கி 1894-இல் வெளியிட்டார். பனியன் எனக்கு வழியைக் காட்டினார் என்றால், பிள்ளையவர்கள் அந்த வழியில் என் சொந்த பாஷையில் அழவும் பாடவும் கற்றுக்கொடுத்தார். ஆண்டவரை விசாரணைக்குக் கட்டி நிறுத்தியிருக்கிற இடத்தில் ஒரு பாட்டு வரும். அவரைப் பிணித்திருப்பது வெறும் கயிறு என்று நினைக்காதீர்கள், தம்மைப் பகைத்த மனுஷரை நினைந்து உருகுகிற அன்பு என்கிற கயிற்றை அவிழ்க்க முடியாமல்தான் ஓர் ஏழையைப் போல ஒடுங்கி நிற்கிறார் என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்தில் அதை நடத்தும்போது தமிழ் ஐயாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஐயா திருநீறு பூசுகிறவர்கள். பொருள் சொல்லி முடித்து ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்பார்கள், வகுப்பே சத்தமில்லாமல் இருக்கும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சிலுவைப்பாடு எனக்கு உள்ளே இறங்கியது அந்தத் தமிழ் வகுப்பில்தான்.

ஐயா, புத்தகம் போன செய்தி உங்கள் காதுக்கு யார் மூலம் வந்ததோ. எண்பத்திரண்டு வயசில், பேரனின் பைக்கில் உட்கார்ந்து, உங்கள் சொந்தப் பிரதியை மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். திருப்பித் தரணுமா ஐயா என்று கேட்டதற்கு, "வாசிச்சுக்கிட்டே இரும்மா, அது போதும்" என்றீர்கள். தினமும் ஒரு பாட்டு வாசிக்கிறேன் ஐயா.

பைண்டிங் அண்ணாச்சிக்கு நான் பட்ட கடன் பெரிது. மோட்சப் பிரயாணத்தை வாங்கிப் பார்த்ததும், "இது தைக்கிற புத்தகம், ஒட்டுற புத்தகம் இல்ல" என்று சொல்லி, பழைய நூலையெல்லாம் பிரித்துவிட்டுப் பாரம் பாரமாகப் புதிதாகத் தைத்துக் காலிகோத் துணி போட்டுத் தந்தீர்கள். உபதேசியார் புத்தகத்துக்குக் கூலி வேண்டாம் என்று பணத்தை என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டீர்கள். நான் ஓரங்களில் பேனாவால் எழுதி வைத்திருந்ததெல்லாம் நீலமாக இழுகி, எழுத்தே தெரியாமல் போய்விட்டது. அப்பா பென்சிலால் கோடு போட்டது, தேதி எழுதியது, "மகளுக்கு" என்று ஓரிடத்தில் குறித்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்து எனக்குக் காட்டியதும் நீங்கள்தான்.

கடைசித் தாள்கள் மட்டும் கிழிந்து போயிருந்தன. கிறிஸ்தியான் ஆற்றில் இறங்குகிற இடம். சபை நூலகத்துப் பிரதியைக் கடன் வாங்கி வந்து வைத்திருந்தேன், நகல் எடுத்து ஒட்டலாம் என்று. ராத்தாவின் மகள், பத்தாம் வகுப்புப் பிள்ளை, "கடைக்குப் போக வேண்டாம் பெரியம்மா, நான் எழுதித் தாரேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். பேனா எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தன் பையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவினாள்.