அந்த அறிக்கையை வாங்கிக்கொள்ளுங்கள்

புது தில்லி வெளியுறவு அமைச்சகத்திற்கு,

வணக்கம். நேபாளத்துடனான உறவை மறுஆய்வு செய்ய இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து 2016இல் ஒரு சான்றோர் குழுவை அமைத்தன. தரப்புக்கு நால்வர். நம் பக்கத்துக்குத் தலைமை ஏற்றவர் பகத் சிங் கோஷியாரி. ஆளுங்கட்சியின் மூத்த தலைவர், பின்னாளில் மகாராஷ்டிர ஆளுநர். அவர்கள் பக்கத்தில் முன்னாள் அமைச்சர் பேக் பகதூர் தாபா. எட்டுப் பேரும் ஒரே அறிக்கையில் உடன்பட்டு 2018இல் வேலையை முடித்துவிட்டார்கள். முதலில் நம் பிரதமரிடம், அதன் பின் நேபாளப் பிரதமரிடம் ஒப்படைப்பது என்று ஏற்பாடு. முதல் படியே நடக்கவில்லை.

அறிக்கையைப் படித்துவிட்டு ஏற்க மறுத்தால், அது ஒரு நிலைப்பாடு. நாமே ஆள் போட்டு எழுதச் சொன்னதைக் கையில் வாங்காமலே ஆண்டுக்கணக்கில் தட்டிக் கழிப்பதை என்னவென்று சொல்வது? இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தெற்கே கடலோரத்தில் வாழும் எங்களுக்குக் கடல் இல்லாத நாட்டின் நிலை எளிதில் பிடிபடாது. தூத்துக்குடியில் சரக்கை இறக்க நாம் எந்த அயல்நாட்டையும் கேட்பதில்லை. நேபாளத்துக்கு வரும் கப்பல் சரக்கு கொல்கத்தாவிலோ ஹால்தியாவிலோ விசாகப்பட்டினத்திலோ இறங்கி, ரயிலிலும் லாரியிலும் பீகாரைக் கடந்து, எல்லை ஊரான ரக்சௌல் வழியாக நேபாளத்தின் பீர்கஞ்ச் போய்ச் சேர வேண்டும். பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவை நம் இந்தியன் ஆயில் நிறுவனத்திடமிருந்துதான் போகின்றன. அந்த நாட்டின் வெளிவணிகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம்மோடு நடக்கிறது. இப்படிப்பட்ட பிடி கையில் இருப்பவர் அதை இறுக்கத் தேவையே இல்லை. இறுக்கக்கூடும் என்ற நினைப்பே எதிரில் இருப்பவரின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

நாம் இறுக்கியும் காட்டியிருக்கிறோம். 1989இல் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது பெரும்பாலான எல்லை வழிகள் மூடப்பட்டு, ஓராண்டுக்கு மேல் நேபாளம் திணறியது. அது பழங்கதை என்று நீங்கள் சொல்லலாம். 2015 பழங்கதை அல்ல.

அந்த ஆண்டு ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்திருந்தார்கள். நம் மீட்புப் படை சில மணி நேரத்தில் போய் இறங்கியது. பாராட்ட வேண்டிய காரியம். செப்டம்பர் 20 அன்று நேபாளம் தன் புதிய அரசியல் சாசனத்தை அறிவித்தது. அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு வெளியுறவுச் செயலர் எஸ். ஜெய்சங்கர் காத்மாண்டு சென்று நம் அதிருப்தியைத் தெரிவித்தார். இன்று அவர்தான் உங்கள் அமைச்சர். நம் எல்லையை ஒட்டிய தராய் சமவெளியின் மாதேசி, தாரு மக்களுக்கு அந்தச் சாசனத்தின் மீது நியாயமான மனக்குறை இருந்தது. போராட்டங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். பீர்கஞ்ச் பாலத்தில் உட்கார்ந்து வழியை மறித்தவர்கள் நேபாளக் குடிமக்கள்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசும் காத்மாண்டு அரசியல்வாதிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் போராட்டமே நடக்காத எல்லை வாயில்களிலும் லாரிகள் தேங்கி நின்றனவே, அது எப்படி? ஓட்டுநர்களின் பாதுகாப்பு என்று விளக்கம் சொன்னீர்கள். நேபாளத்தில் ஒருவரும் நம்பவில்லை. 2016 பிப்ரவரி வரை இது நீடித்தது. வீடிழந்து தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள் எரிவாயு இல்லாமல் விறகைத் தேடினார்கள்; மருந்துக்கும் தட்டுப்பாடு. 2014 ஆகஸ்டில் நம் பிரதமர் காத்மாண்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது தெருவில் திரண்டு வரவேற்ற அதே மக்கள், ஓராண்டு கழித்து இந்தியாவைத் தூற்றினார்கள். இத்தனை வேகமாக நல்லெண்ணத்தைக் கரைப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

லாபம் யாருக்கு? 2016 மார்ச்சில் அன்றைய நேபாளப் பிரதமர் கே. பி. சர்மா ஓலி பெய்ஜிங் சென்று சீனாவுடன் போக்குவரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சீனாவின் தியான்ஜின் துறைமுகம் நேபாள எல்லையிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். இடையில் திபெத் பீடபூமி, அதன் பின் நிலச்சரிவில் அடிக்கடி மூடிக்கொள்ளும் மலைப்பாதை. கொல்கத்தாவோ எழுநூறு கிலோமீட்டர் சொச்சம். கணக்குத் தெரிந்த எந்த வணிகரும் தெற்கையே தேர்ந்தெடுப்பார். பூகோளம் முழுக்க நம் பக்கம் இருக்கையில், அவர்களை வடக்கே பார்க்க வைத்தது நம் நடத்தைதான்.

இரு நாடுகளும் 1950இல் செய்துகொண்ட அமைதி, நட்புறவு உடன்படிக்கைக்கு வருகிறேன். சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. அதில் ஒரு பக்கம் கையெழுத்திட்டவர் ராணா வம்சப் பிரதமர் மோகன் சம்ஷேர். மறுபக்கம் நம் தூதர். தங்கள் பிரதமருக்கு இணையாக நம் தூதர் கையெழுத்திட்டதை அங்கே இன்றும் குத்திக்காட்டுகிறார்கள். ராணாக்களின் ஆட்சியும் சில மாதங்களில் சரிந்தது. ஆயினும் அதன் ஏழாவது பிரிவினால்தான் நேபாளிகள் இங்கே விசா இல்லாமல் தங்கவும் பிழைக்கவும் முடிகிறது. நம் ஊர்களில் இரவுக் காவலுக்கு நிற்பவரும், உணவகச் சமையலறையில் மோமோ பிடிப்பவரும் அந்தப் பிரிவின் பலனால் வந்தவர்கள். ஓராண்டு அறிவிப்புக் கொடுத்து உடன்படிக்கையை ரத்து செய்யப் பத்தாவது பிரிவு இடம் தருகிறது. மேடையில் அதைச் சபிக்கும் நேபாளத் தலைவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பிரிவைத் தொடுவதில்லை. அதன் பலன் அவர்களுக்கும் தெரியும். ஆகவே கிழித்தெறிவது எவருக்கும் வேண்டாம். திருத்தி எழுதுவதுதான் வழி. சான்றோர் குழு அமைத்ததே அதற்காகத்தானே?

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பீகாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் 2019இல் திறக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் பத்தாயிரம் மெகாவாட் மின்சாரம் வாங்க 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டீர்கள். நேபாள மின்சாரம் நம் கம்பிகள் வழியே வங்கதேசம் போகிறது. ஆனால் சீன முதலீடோ சீன ஒப்பந்தக்காரரோ தொட்ட அணையின் மின்சாரத்தை வாங்க மறுக்கிறோம். நம் சந்தைகளில் சீனப் பொருள்கள் குவிந்து கிடக்க, நேபாளத்தின் மின்சாரத்தில் மட்டும் தீட்டு பார்ப்பது எனக்கு விளங்கவில்லை.

ஐ.நா. கடல் சட்ட உடன்பாட்டின் 125ஆம் பிரிவு, நிலம் சூழ்ந்த நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையை அளிக்கிறது; நாமும் அதை ஏற்றவர்கள். 2023இல் ஏழாண்டுகளுக்குப் புதுப்பித்த போக்குவரத்து ஒப்பந்தம் 2030இல் மீண்டும் மேசைக்கு வரும். எந்த அரசியல் பிணக்கிலும் எரிபொருள், மருந்து, உணவு லாரிகள் நிறுத்தப்படமாட்டா என்று அதில் ஒரு பிரிவு சேருங்கள். அதற்கு முன் குழுவின் அறிக்கையை வாங்கி, நாடாளுமன்றத்தில் வையுங்கள். ஏற்க முடியாத பரிந்துரை இருந்தால் எது, ஏன் என்று எழுதுங்கள். அதையும் படிக்கக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாக்காளர்