நோட்டர்டேம் அணியின் 1956: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

நீ பயிற்சியளிக்கும் பள்ளி அணி இந்தப் பருவம் முழுவதும் தோற்றுக்கொண்டே வந்ததாகவும், பொறுப்பிலிருந்து விலகிவிட எண்ணுவதாகவும் எழுதியிருந்தாய். முடிவெடுக்கும் முன், அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்து அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியின் 1956-ஆம் ஆண்டை நீ ஒருமுறை முழுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

1933-க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த பருவத்தையே காணாத அந்த அணி, அவ்வாண்டு பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றது. இடையில் ஐந்து தோல்விகள் தொடர்ச்சியாக வந்தன. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக அணியிடம் 47-14 என்று வீழ்ந்த மறுவாரமே, சொந்த மைதானத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியிடம் 40-0 என்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றார்கள். தலைமைப் பயிற்சியாளர் டெர்ரி பிரென்னன் 25 வயதிலேயே அந்தப் பொறுப்புக்கு வந்து, முதல் இரண்டு பருவங்களிலும் சேர்த்து மூன்றே ஆட்டங்களில் தோற்றிருந்தவர்.

அந்த அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் பால் ஹார்னங்கைப் பற்றி உனக்கே தெரியும். பந்தை வீசுவது, ஏந்தி ஓடுவது, உதைப்பது, தற்காப்பில் எதிராளியை மறிப்பது என எல்லாவற்றையும் அவரே செய்தார். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், கட்டைவிரல்கள் அடிபட்டிருந்த நிலையிலும், எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து 95 கெஜம் ஓடிப் புள்ளி சேர்த்தார். அந்த ஆட்டமும் 28-20 என்று கைநழுவியது. ஆயினும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹைஸ்மன் கோப்பை அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. தோல்விகள் மிகுந்த அணியிலிருந்து அதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

ஆனால் இக்கடிதத்தை நான் எழுதுவது பிரென்னனுக்காகத்தான். அத்தனை தோல்விகளுக்குப் பிறகும் பல்கலைக்கழகம் அவரை விலக்கவில்லை, அவரும் விலகவில்லை. 1957 நவம்பர் 16 அன்று, தொடர்ந்து 47 ஆட்டங்களில் வென்றிருந்த அதே ஓக்லஹோமாவை அதன் சொந்த ஊரான நார்மனின் மைதானத்திலேயே அவருடைய அணி 7-0 என்று வென்றது. கடைசிக் கால்பகுதியில், எல்லைக்கோட்டுக்கு மூன்று கெஜம் இருக்கும்போது பந்தை ஏந்தி ஓடிக் கோட்டைக் கடந்து அந்த ஒரே டச்டவுனைச் சேர்த்த டிக் லிஞ்ச், முந்தைய ஆண்டுத் தோல்விகளிலும் உடனிருந்தவர்.

மறு பருவத்தில் ஆறு வெற்றி, நான்கு தோல்வி. 1958 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், பிரென்னன் நீக்கப்பட்டார். இரண்டே வெற்றிகளைப் பொறுத்துக்கொண்டவர்கள் ஆறு வெற்றிகளைப் பொறுக்காமல் போனது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

உன்னைப் போகச் சொல்லும் உரிமை பள்ளிக்கு உண்டு. அவர்கள் கேட்காதபோது நீயாக முந்திக்கொண்டு விலகல் கடிதம் கொடுத்துவிடாதே. பிரென்னன் 1956 முடிவிலேயே ஒதுங்கியிருந்தால், நார்மனில் அந்தப் பிள்ளைகளோடு நின்றிருக்க மாட்டார். உன் அணியில் அடுத்த ஆண்டும் ஆடவிருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாரை நீ பெரிதும் நம்புகிறாய் என்று அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா